கர்ப்ப காலத்து மன அழுத்தம்: குமரி மாவட்டத்துப் பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் இருபது வருடத்துக்கும் மேலாகக் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்க்கிறேன். கடலோர ஊர்களிலும் இருந்திருக்கிறேன், மலையோரத்து ரப்பர் தோட்டப் பக்கமும் இருந்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை பரிசோதனைக்கு வரும் பெண்களில் சிலர் எடை, பிரஷர் எல்லாம் பார்த்து முடித்து, அட்டையைக் கையில் வாங்கிய பிறகும் போகாமல் நிற்பார்கள். "சிஸ்டர், ஒண்ணு கேக்கட்டா?" என்று தயங்கிக்கொண்டே ஆரம்பிப்பார்கள். அந்தக் கேள்விக்காகத்தான் அன்றைக்கு அவ்வளவு தூரம் வந்திருப்பார்கள். வருடா வருடம் ஆட்கள்தான் மாறுகிறார்கள், கேள்வி மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

மாசமா இருக்கும்போது இப்பிடி டென்ஷன் வர்றது எல்லாருக்கும் உண்டா, எனக்கு மட்டும்தானா?

எல்லோருக்கும் உண்டு. வாந்தி, உறக்கக் குறைவு, ஹார்மோன் மாற்றம் இவையே ஒரு பெண்ணை எரிச்சல்படுத்தப் போதும். அதோடு பணக் கவலை, வீட்டு வேலை, பிரசவ பயம் எல்லாம் சேர்கின்றன. கவலை ஒரு கட்டத்தைத் தாண்டி நோயாக மாறுவதும் அபூர்வமில்லை. நம்மைப் போன்ற வளரும் நாடுகளில் கர்ப்பிணிகளில் 15.6 சதவீதம் பேருக்கும், பிரசவமான பெண்களில் 19.8 சதவீதம் பேருக்கும் மனநலப் பிரச்சினை, முக்கியமாக மனச்சோர்வு, வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பரிசோதனைக்கு வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்களில் ஆறேழு பேருக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "கவலைப்படாதே, சந்தோஷமா இரு" என்று எல்லோரும் சொல்கிறார்கள். கேட்டவள் வீட்டுக்குப் போய், சந்தோஷமாக இருக்க முடியவில்லையே என்று அதற்கும் ஒரு கவலை படுகிறாள். சொல்லிப் போகும் கவலையாக இருந்தால் அது எப்போதோ போயிருக்கும். அவள் தலையில் இருக்கும் சுமையில் ஒன்றையாவது யாராவது இறக்கி வாங்க வேண்டும். கீழே பல பதில்களில் இந்தப் பேச்சு திரும்பத் திரும்ப வரும். அனுபவத்தில் நான் கண்டது அதுதான்.

நான் அழுதா வயித்துல உள்ள பிள்ளைக்குத் தெரியுமா? பிள்ளைக்கு ஏதாவது ஆகுமா?

ஒரு நாள் அழுததாலோ, ஒரு சண்டை போட்டதாலோ பிள்ளைக்கு எதுவும் ஆகாது. மனம் பதறும்போது உடம்பில் கார்ட்டிசோல் என்ற ஹார்மோன் கூடுகிறது. நஞ்சுக்கொடியில் இருக்கும் ஒரு நொதி அதில் பெரும் பங்கை வீரியம் இல்லாததாக மாற்றித்தான் பிள்ளையின் பக்கம் விடுகிறது. அதாவது, தாய் அவ்வப்போது கலங்குவாள் என்பதற்கு உடம்பே ஓர் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது.

ஆனால் மாதக்கணக்கில் ஓயாத அழுத்தம் வேறு விஷயம். அப்போது அந்தத் தடுப்பும் போதாமல் போகலாம். 37 வாரத்துக்கு முன்பே பிரசவம், இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த எடை ஆகியவற்றுக்கும் நீண்ட நாள் கடும் மன அழுத்தத்துக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. மனம் சரியில்லாதவள் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, மாத்திரையை மறக்கிறாள், பரிசோதனைக்கு வருவதைத் தள்ளிப்போடுகிறாள். இதுவும் பிள்ளையைத் தொடும். அதனால் அழுதோமே என்று பயப்பட வேண்டாம். வாரக்கணக்கில் அழுகை நிற்கவில்லை என்றால் மட்டும் அதைச் சொல்லாமல் இருக்க வேண்டாம்.

எது சாதாரண கவலை, எது டாக்டர்கிட்ட சொல்ல வேண்டியது?

நான் இரண்டு கேள்வி கேட்பேன். கடந்த இரண்டு வாரத்தில் பெரும்பாலான நாள் மனம் தளர்ந்து, எதிலும் நம்பிக்கை இல்லாமல் இருந்ததா? முன்பு பிடித்த காரியங்களில் இப்போது நாட்டமே இல்லாமல் போய்விட்டதா? இரண்டில் ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் டாக்டரிடம் பேச வேண்டும்.

சாதாரண கவலை வரும், போகும். பக்கத்து வீட்டு அக்கா வந்து பேசினால் சிரிப்பும் வரும். நோயாக மாறியது விடியற்காலையில் எழுந்த உடனேயே நெஞ்சில் கல் வைத்ததுபோல உட்கார்ந்திருக்கும். சாப்பாடு இறங்காது, தலைவாரப் பிடிக்காது, எல்லாம் தன் தப்பு என்றே தோன்றும். ஒரு பெண் மூன்று மாதம் தொடர்ந்து பரிசோதனைக்கு வந்தாள். கேட்டதற்கெல்லாம் "ஒண்ணும் இல்ல சிஸ்டர்" என்பாள். தோவாளைப் பக்கம்தான் வீடு. முதல் மாதம் தலையில் பிச்சி இருந்தது, அடுத்த மாதம் இல்லை, மூன்றாவது மாதம் தலை சீவிக்கூட இல்லை. பூ மலிவாகக் கிடைக்கும் ஊரில் பூ வைப்பதை ஒருத்தி விட்டுவிட்டாள் என்றால் கேட்காமல் விடக்கூடாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

படபடன்னு வருது, மூச்சு முட்டுது, தலை வலிக்குது. டென்ஷன்தானே?

டென்ஷனாகவும் இருக்கலாம், ரத்தசோகையாகவும் இருக்கலாம். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் கர்ப்பிணிக்கு ரத்தசோகை. இன்னும் குறையக் குறைய நாலு படி ஏறினாலே நெஞ்சு அடிக்கும், மூச்சு வாங்கும், காரணமில்லாமல் எரிச்சல் வரும். தைராய்டு கோளாறும் இப்படித்தான் நடிக்கும். அதனால் முதலில் ரத்தப் பரிசோதனை, பிறகு மனதைப் பற்றிய பேச்சு.

சில அறிகுறிகளை ஒருபோதும் டென்ஷன் கணக்கில் எழுதக்கூடாது. விடாத தலைவலி, கண் மங்குதல், முகமும் கையும் திடீரென்று வீங்குதல், மேல் வயிற்றில் வலி, இவற்றோடு பிரஷர் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது கர்ப்பகால ரத்த அழுத்த நோயாக இருக்கலாம், உயிருக்கே ஆபத்து. பிரஷர் பார்க்க வசதி இல்லை என்றாலும் இந்த அறிகுறிகள் இருந்தால் காத்திருக்க வேண்டாம். ரத்தப்போக்கு, நீர் உடைதல், பிள்ளையின் அசைவு குறைதல் இவையும் அப்படியே. விடியட்டும் என்று பார்க்காமல் 108-ஐ அழையுங்கள்.

மறுபக்கமும் உண்டு. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, வழியெல்லாம் போனில் சண்டை போட்டுவிட்டு வந்தவளுக்கு உடனே பிரஷர் பார்த்தால் கூடத்தான் காட்டும். அப்படி ஒருத்திக்கு 142/90 காட்டியது. ஃபேனுக்குக் கீழே உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, கால் மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 118/76. பரிசோதனைக்கு வந்தால் கொஞ்சம் ஆசுவாசப்படுத்திக்கொண்ட பிறகு பிரஷர் பாருங்கள். "இப்பத்தான் வந்தேன்" என்று சொல்லவும் கூச்சப்பட வேண்டாம்.

மனசு பதறும்போது உடனே ஆத்துறதுக்கு ஏதாவது இருக்கா?

இருக்கிறது. முதுகு சாய்ந்து உட்காருங்கள். ஒரு கையை நெஞ்சிலும் ஒரு கையை வயிற்றின் மேலும் வையுங்கள். மூக்கு வழியாக மனதுக்குள் நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். விடும் மூச்சு நீளமாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். இப்படி ஐந்து நிமிடம். மூச்சை உள்ளே அடக்கி வைக்கும் பயிற்சிகள் கர்ப்ப காலத்தில் வேண்டாம். பதற்றம் வந்த பிறகு புதிதாகக் கற்றுக்கொள்ள வராது. சும்மா இருக்கும் நேரத்தில் தினமும் இரண்டு தடவை செய்து பழகினால்தான் வேண்டிய நேரத்தில் கை கொடுக்கும்.

நடை அடுத்தது. டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லவில்லை என்றால், வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம், பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். சொத்தவிளை, சங்குத்துறைப் பக்கம் இருப்பவர்கள் சாயங்காலம் கரையில் நடக்கலாம், ஆனால் புதை மணலில் அல்ல, உறுதியான தரையில். கோயிலிலோ சர்ச்சிலோ பள்ளிவாசலுக்குப் போகும் வழியிலோ அமைதி கிடைக்கிறதென்றால் அதையும் நான் மருந்தாகத்தான் பார்க்கிறேன். ஜெபமும் மூச்சும் ஒரே தாளத்தில் போகும்போது உடம்பு தணிவதை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன்.

ராத்திரி உறக்கமே வரல. பாதி ராத்திரி முழிச்சா பிறகு விடியிற வரை யோசனைதான்.

உடம்பு சார்ந்த காரணங்களை முதலில் சரி செய்யுங்கள். ஏழாம் மாதத்துக்குப் பிறகு ஒருக்களித்துப் படுப்பது நல்லது. முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை, வயிற்றுக்குக் கீழே மடித்த ஒரு பழைய சேலை. இரவில் தண்ணீரைக் குறைத்து, அதைப் பகலில் குடித்துக்கொள்ளுங்கள். நெஞ்செரிச்சல் இருந்தால் சாப்பாட்டை ஏழரைக்கு முடித்துக்கொள்ளுங்கள். படுத்த பிறகு கால் நிலைகொள்ளாமல் அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றினால் டாக்டரிடம் சொல்லுங்கள், இரும்புச்சத்துக் குறைவிலும் அப்படி வரும்.

யோசனைக்கு ஒரு வழி. படுக்கும் முன் ஒரு பழைய நோட்டில் மனதில் ஓடுவதை எல்லாம் எழுதிவிடுங்கள்: கரண்ட் பில், ஸ்கேன் தேதி, அம்மாவுக்கு முட்டு வலி, எதுவானாலும். எதிரே யார் பார்க்க வேண்டும் என்று ஒரு பெயரையும் எழுதுங்கள். எல்லா வரியிலும் உங்கள் பெயரே இருந்தால் மறுநாள் காலையில் வீட்டில் பேச வேண்டிய பேச்சு அதுதான். உறக்க மாத்திரையை மட்டும் மெடிக்கல் ஸ்டோரில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். அமுக்கரா சூரணம் உறக்கம் தரும் என்று சொல்வார்கள், கர்ப்பிணிகளுக்கு அது உகந்ததல்ல.

கட்டஞ்சாயா குடிச்சாத்தான் தலை தெளியுது. விடணுமா?

முழுக்க விட வேண்டாம், ஒரு நாளைக்கு இரண்டு சிறிய கப்போடு நிறுத்துங்கள். மதியத்துக்குப் பிறகு வேண்டாம், உறக்கத்தைக் கெடுக்கும். சத்து மாத்திரையைச் சாயாவோடு விழுங்கவே கூடாது, இரும்புச்சத்து உடம்பில் சேராது. இரண்டுக்கும் நடுவே ஒன்றிரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். நாலு மணிப் பசிக்கு அவித்த ஏத்தம்பழமோ இரண்டு மட்டிப்பழமோ சாப்பிடலாம். பசியோடு இருப்பவளுக்குக் கோபமும் அழுகையும் சீக்கிரம் வரும். (சர்க்கரை இருப்பவர்கள் எவ்வளவு பழம் என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.)

அண்டி ஆபீஸ்ல வேலை. நாள் முழுக்க இருந்தே இடுப்பு போச்சு. லீவு கேட்டா வேலை போயிருமோன்னு பயம்.

முந்திரி ஆலையில் வேலை செய்யும் பெண்களிடம் அதிகம் கேட்கும் கேள்வி இது. மகப்பேறு நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்ட பிறகு, முதல் இரண்டு பிரசவங்களுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு உண்டு. அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் குறைந்தது 80 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். மகப்பேறு விடுப்பில் இருப்பவளை வேலையை விட்டு நீக்குவது சட்டவிரோதம். இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் விடுப்புக்காலப் பணம் அங்கிருந்து வரும். உங்களுக்குப் பிடிக்கிறார்களா என்று சம்பளச் சீட்டைப் பாருங்கள், சீட்டே தருவதில்லை என்றால் முதலில் அதைக் கேளுங்கள்.

லீவு வரை காத்திருக்காமல் இப்போதே சிலதை மாற்றிக்கொள்ளலாம். தோடு உடைக்கும் இடத்திலும் வறுக்கும் இடத்திலும் எண்ணெயும் புகையும் அதிகம். தொலி உரிக்கவோ தரம் பிரிக்கவோ மாற்றித் தரச் சொல்லுங்கள். டாக்டரின் ஒரு வரிச் சீட்டு இருந்தால் கேட்பது எளிது, நாங்கள் வாங்கித் தருகிறோம். முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நாலு எட்டு நடங்கள். அதிகாலையில் ரப்பர் பால் வெட்டப் போகும் பெண்களுக்கும் இதையே சொல்வேன்: சரிவிலும் மழை ஈரத்திலும் வழுக்கி விழும் பயமே பாதி டென்ஷன், அந்த வேலையை இந்த ஒன்பது மாதம் வேறு ஆளிடம் விடுங்கள்.

அவிய கடலுக்குப் போனா வாரக்கணக்கா போன் கிடையாது. காத்து அடிச்சாலே நெஞ்சு பதறுது.

தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்து ஆட்கள் ஆழ்கடலுக்குப் போனால் திரும்ப வாரங்கள் ஆகும். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் அடித்ததை இந்தக் கரையில் யாரும் மறக்கவில்லை. அன்றைக்குச் சிறுமியாக இருந்தவர்கள் இப்போது வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறார்கள். ஓலை சலசலத்தால் அவர்களுக்குப் பதறுகிறதென்றால், "சும்மா பயப்படாதே" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது.

பயம் வருவதைத் தடுக்க முடியாது, அதைத் தனியாகத் தாங்க வேண்டாம் என்று ஏற்பாடு செய்யலாம். புறப்படும் முன்பே படகின் பெயர், உரிமையாளர் நம்பர், கூடப் போகும் இரண்டு பேர் வீட்டு நம்பர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வானிலை எச்சரிக்கையை ஒரு நாளைக்கு ஒருமுறை, ஒரே ஆள் பார்த்துச் சொல்லட்டும். வாட்ஸ்அப்பில் வரும் ஒவ்வொரு புயல் வீடியோவையும் பார்க்க வேண்டாம். அவற்றில் பாதி பழையது. காற்று பலமாக இருக்கும் இரவில் தனியாகப் படுக்காதீர்கள், நாத்தனாரையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையையோ துணைக்குக் கூப்பிடுங்கள். ஒரு பெண் தினமும் இரவு கணவருக்கு ஒரு குரல் பதிவு அனுப்புவாள்: இன்று பிள்ளை இப்படி உதைத்தது, இன்று மாமி மரச்சீனி அவித்தார்கள் என்று. அவருக்கு சிக்னல் கிடைத்த அன்று இருபத்தி மூன்று பதிவுகள் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தன. பேசிவிட்டுப் படுத்தால் உறக்கம் வருகிறது சிஸ்டர் என்றாள். கல்ஃபில் கணவர் இருப்பவர்களுக்கும் இதைச் சொல்கிறேன்.

மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். ஆள் வீட்டில் இருப்பார், ஆனால் கையில் காசு இருக்காது. அந்த மாதங்களில் பிரசவத் தேதி வருகிறவர்கள் இப்போதே கொஞ்சம் ஒதுக்கி வைத்தால் நிம்மதி.

மாமியார்கிட்ட எதையும் சொல்ல முடியல. நாங்க அந்தக் காலத்துல எத்தனை பெத்தோம்னு ஆரம்பிச்சிருவாவ.

அவர்கள் பெற்ற காலத்தில் அவர்களிடமும் யாரும் கேட்கவில்லை. அந்த ஆற்றாமைதான் பாதி நேரம் அப்படிப் பேச வைக்கிறது. அதனால் "என்னால எதுவுமே முடியல" என்று பொதுவாகச் சொல்லாமல், ஒரு வேலையை மட்டும் எடுத்துச் சொல்லிப் பாருங்கள். "மாமி, இன்னைக்கு முதுகு வலிக்கி. நீங்க சோறு மட்டும் வடிச்சிருங்க, குழம்பை நான் பாத்துக்கிடுதேன்." முழுக் குடும்பப் பாரத்தையும் மாற்றச் சொன்னால் யாரும் சண்டைக்குத்தான் வருவார்கள். ஒரு பானைச் சோற்றை வடிக்கச் சொன்னால் பெரும்பாலும் வடித்துவிடுவார்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் அடுத்த பரிசோதனைக்கு மாமியாரையும் கூட்டி வாருங்கள். மருமகள் சொன்னால் ஏறாதது வெள்ளைச் சேலை கட்டியவள் சொன்னால் ஏறும். எத்தனையோ பேருக்காக அந்தப் பேச்சை நான் பேசியிருக்கிறேன்.

ஏழாம் மாசம் பலகாரம் கொண்டு வரணும், அப்பா கடன் வாங்குறாரு. நெனச்சாலே வயிறு கலங்குது.

முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் அண்டா அண்டாவாக வந்து இறங்குவதைப் பெருமையாகப் பார்க்கும் ஊர் நம்முடையது. அந்த அண்டாவுக்குள் ஒரு தகப்பனின் வட்டிக் கணக்கும் இருக்கிறது என்பது வயிற்றுப்பிள்ளைக்காரிக்குத் தெரியும். இதில் என் கருத்தைத் திறந்தே சொல்கிறேன்: கர்ப்பிணிக்கு வரும் மன அழுத்தங்களில் நாமே உண்டாக்கியது இது. கணவர் வாய் திறந்து "பத்துப் பேருக்குப் போதும்" என்று தன் வீட்டில் சொல்வதைத் தவிர இதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை. பெண் சொன்னால் குற்றம், பெண் வீட்டார் சொன்னால் கௌரவக் குறைவு, அவர் சொன்னால் முடிவு.

செலவுக்கு அரசு உதவி இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 14,000 ரூபாய் பணமும், 4,000 ரூபாய் மதிப்புள்ள இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களும், ஆக மொத்தம் 18,000 ரூபாய் தவணைகளாக வரும். 12 வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதிவு செய்து, பிக்மி எண் என்ற பதிவு எண்ணை வாங்கியிருக்க வேண்டும். ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள், ஓர் எழுத்து மாறினாலும் பணம் நின்றுவிடும். இந்தப் பணம் பலகாரத்துக்கு அல்ல, பாலுக்கும் முட்டைக்கும் மீனுக்கும்.

முதல் ரெண்டும் பொட்டப்பிள்ள. இதுவும் அப்பிடின்னா என்ன செய்யதுன்னு வீட்ல கேக்காவ.

ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தகப்பனின் விந்தணு. தாயிடம் கேட்பதில் அர்த்தமே இல்லை. ஸ்கேனில் பார்த்துச் சொல்வதும் சொல்லச் சொல்வதும் 1994-ஆம் வருடச் சட்டப்படி குற்றம். பேச்சு மிரட்டலாக மாறினால் கீழே அடி உதை பற்றிய கேள்விக்கு எழுதியதைப் படியுங்கள்.

முன்னாடி ஒண்ணு கலைஞ்சு போச்சு. நான் டென்ஷன் ஆனதுனாலதானா?

இல்லை. உறுதியான கர்ப்பங்களில் பத்துக்கு ஒன்று அல்லது இரண்டு கலைந்துதான் போகின்றன. முதல் மூன்று மாதத்தில் கலைவதில் ஏறக்குறைய பாதி, கருவின் குரோமோசோம் சரியாக அமையாததால். நீங்கள் அழுததோ, பைக்கில் போனதோ, குடத்தைத் தூக்கியதோ காரணமில்லை. வீட்டில் யாராவது அப்படிப் பேசியிருந்தால் அந்தப் பழியை இன்றைக்கே இறக்கி வையுங்கள்.

போன பிள்ளைக்காக அழுவதும் தப்பில்லை. அடுத்தது வந்துவிட்டதே என்று யாரும் அழ விடுவதில்லை. போன முறை கலைந்த அதே வாரம் நெருங்கும்போது பயம் கூடும். அந்த வாரத்தில் பரிசோதனைக்கு ஒரு தேதியை முன்பே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் இதயத்துடிப்பை ஒருமுறை காதால் கேட்டுவிட்டு வந்தால் மனம் கொஞ்சம் நிலைக்கு வரும்.

பிரசவ வலியை நெனச்சாலே பயம். அதுக்கு ஆப்பரேஷனே பண்ணிரலாமா?

வலிக்குப் பயந்து சிசேரியன் செய்தால், வலி பிரசவத்துக்கு முன்பிருந்து பின்னுக்கு நகரும், அவ்வளவுதான். ஆறுவது தாமதம், அடுத்த பிரசவத்திலும் கவனம் வேண்டும். மருத்துவக் காரணம் இருந்தால் தாராளமாகச் செய்யட்டும்.

பயம் பெரும்பாலும் தெரியாததால் வருவது. எட்டாம் மாதத்தில் நீங்கள் பிரசவத்துக்குப் போகப்போகும் ஆஸ்பத்திரியை ஒருமுறை போய்ப் பாருங்கள், ஆசாரிபள்ளமோ தக்கலையோ குழித்துறையோ. வாசல் எது, இரவில் எந்தக் கதவு திறந்திருக்கும், வண்டி எங்கே நிற்கும் என்று பார்த்து வைப்பதே பாதிப் பயத்தைக் குறைக்கும். அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையாக ஒரு பெண்ணை உடன் வைத்துக்கொள்ளலாம். யார் என்று இப்போதே முடிவு செய்யுங்கள். பதறாதவர், பழைய பயங்கரக் கதை சொல்லாதவர், தன் கையை நீங்கள் இறுக்கிப் பிடிக்க விடுபவர். மேலே சொன்ன மூச்சை அவருக்கும் சொல்லிக் கொடுங்கள், வலியின்போது உங்களுக்கு எண்ண வராது, அவர் எண்ணட்டும்.

நான் வீட்டுக்காரர். எனக்கு ஆறுதலா பேசத் தெரியாது. என்ன செய்யணும்?

பேச வேண்டாம், செய்யுங்கள். காலையில் தண்ணீர் கோரி வையுங்கள். பரிசோதனை நாளன்று கூட வந்து, அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவள் ஏதாவது சொன்னால் உடனே வழி சொல்லாமல், முடிக்கும் வரை கேளுங்கள். வீட்டில் புகை பிடிக்காதீர்கள். உங்கள் அம்மாவுக்கும் அவளுக்கும் நடுவில் தூது போகாமல், உங்கள் அம்மாவிடம் சொல்ல வேண்டியதை உங்கள் சொல்லாகவே சொல்லுங்கள். உங்களுக்கும் பயம் இருக்கும், கடன் இருக்கும். அதை மதுக்கடையில் கொண்டு போய் இறக்க வேண்டாம். அவளிடம் சொன்னாலும் அவள் உடைந்துவிட மாட்டாள்.

குடிச்சிட்டு வந்து அடிக்காரு. வெளிய சொன்னா மானம் போயிரும்.

அடிப்பதை மன அழுத்தம் என்று எழுதி, மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுக்க நான் தயாராக இல்லை. இது குற்றம். வயிற்றில் அடிபட்டால் நஞ்சுக்கொடி பிரிந்து தாய், பிள்ளை இரண்டு உயிரும் போகலாம். அடிபட்டிருந்தால் வெளியே காயம் தெரியாவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம். 2005-ஆம் வருடக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் நீங்கள் இருக்கும் வீட்டிலேயே பாதுகாப்போடு இருக்கும் உரிமையைத் தருகிறது. பரிசோதனை அறையில் கூட வந்தவரை வெளியே அனுப்பிவிட்டுப் பேச வேண்டும் என்றால் கண்ணைக் காட்டினால் போதும், நாங்கள் புரிந்துகொள்வோம். ஆதார், தாய் சேய் நல அட்டை, கொஞ்சம் பணம், ஒரு மாற்றுச் சேலை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு நம்பிக்கையான ஒரு வீட்டில் வைத்திருங்கள்.

ஏற்கனவே மனசுக்கு மாத்திரை சாப்பிடுறேன். மாசமானது தெரிஞ்ச உடனே நிறுத்திட்டேன். சரிதானே?

சரியில்லை, நாளைக்கே டாக்டரைப் பாருங்கள். திடீரென்று நிறுத்தினால் நோய் முன்பைவிட வேகமாகத் திரும்பலாம், அது பிள்ளைக்கும் நல்லதல்ல. செர்ட்ராலின் போன்ற சில மருந்துகளைக் கர்ப்ப காலத்திலும் டாக்டர்கள் தருகிறார்கள். வால்ப்ரோயேட் போன்ற சிலவற்றை மாற்ற வேண்டும், அவை பிள்ளையின் வளர்ச்சியைப் பாதிக்கும். எதைத் தொடர்வது, எதை மாற்றுவது என்பதை மனநல மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். இரண்டு சீட்டுகளையும் இரண்டு பேரிடமும் காட்டுங்கள். பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே இந்தப் பேச்சைத் தொடங்கினால் இன்னும் நல்லது.

சில நேரம் செத்துப்போயிரலாம்னு தோணுது. இதை யார்கிட்ட சொல்ல?

இப்போது யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்களிடம். யாரும் இல்லை என்றால் 14416-ஐ அழையுங்கள், டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண், இரவும் பகலும் இலவசமாகத் தமிழில் பேசுவார்கள். 104-க்கும் அழைக்கலாம். இப்படித் தோன்றுவது உங்கள் குணமல்ல, நோய் அப்படி நினைக்க வைக்கிறது. சிகிச்சையில் குறையும், குறைந்து பார்த்திருக்கிறேன்.

இதைக் கேட்கிற வீட்டார் "வயித்துல பிள்ளைய வச்சிக்கிட்டு இப்பிடிப் பேசலாமா" என்று வாயை அடைக்காதீர்கள். சொன்னதே பெரிய காரியம். அவளைத் தனியே விடாதீர்கள், பூச்சிமருந்து, மாத்திரைகள் எல்லாவற்றையும் எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

பிள்ளை பிறந்தா எல்லாம் சரியாயிருமா?

பலருக்குச் சரியாகும், சிலருக்கு அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். பிரசவமாகி மூன்று நான்கு நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது மிகச் சாதாரணம், இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கும். அதற்கு மேலும் போனால், மூன்றாவது கேள்வியில் சொன்ன இரண்டையும் மறுபடி கேட்டுப் பாருங்கள். ஆயிரம் பேரில் ஒன்றிரண்டு பேருக்கு உறக்கமே இல்லாமல், இல்லாத குரல் கேட்டு, பிள்ளையைப் பற்றி விபரீதமாகப் பேசும் நிலை வரும். பேய் பிடித்தது என்று மந்திரிக்கக் கொண்டு போகாதீர்கள். அது அவசர நோய், அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும்.

பெற்ற உடம்புக்கு நம் வீடுகளில் லேகியம், வெந்நீர்க் குளியல், பூண்டுக் குழம்பு என்று குறைவில்லாமல் செய்கிறோம். உறக்கத்தைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பிரசவத்துக்குப் பிறகு வீடு பார்க்கப் போகும்போது, பிள்ளையைத் தூக்கி எடை போடும் முன்பே தாயிடம், "நேத்து ராத்திரி எத்தனை மணி நேரம் உறங்கின மக்ளே?" என்றுதான் கேட்பேன். ஐந்து மணி நேரம்கூட இல்லை என்றால், அன்றைக்குப் பகலில் பிள்ளையை யார் வாங்கி வைத்துக்கொள்வது என்று வீட்டார் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசி முடித்த பிறகுதான் அடுத்த வீட்டுக்குக் கிளம்புவேன்.